மருந்து உண்டு, முகவரி இல்லை

நோய் கண்டால் மருந்துண்ண வேண்டும். உண்ணத் தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தலாகாது. பாலர் வகுப்புப் பிள்ளையும் அறிந்த பாடம் இது. ஆயினும், நாள் தவறாமல் மருந்துண்பதற்கு ஒருவருக்கு முதலில் வேண்டுவது என்ன? படிப்பா? மன உறுதியா? வைத்தியர் சொல்லில் நம்பிக்கையா? இவையெல்லாம் வேண்டுவனவே. ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டுவது நிலையான ஓர் இருப்பிடம். அந்த இருப்பிடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு ஓர் எண். மருந்து வாங்கச் செல்லும் நாளிலும் வீட்டு அடுப்பு அணையாது என்ற உறுதி. இம்மூன்றும் இல்லாத ஒருவரின் கையில் குளிசையைக் கொடுத்து, 'ஆறு மாதம் விடாது உண்பாயாக' என்று உபதேசம் செய்வது, தோணி இல்லாதவனிடம் துடுப்பை மட்டும் கொடுத்து, 'ஆற்றைக் கடந்து போ' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காசநோய்க்கு ஆளாகும் தொழிலாளியின் நிலை இதுதான். வீதியில் படுத்துறங்குவோரை வீடற்றோர் என்கிறோம். தலைக்கு மேல் கூரை இருந்தும், அந்தக் கூரைக்கு உரிமையோ எண்ணோ இல்லாமல் வாழ்வோரை எப்பெயரிட்டு அழைப்பது? அவர்கள் மருந்தை முடிக்காமற் போவதற்கு யார் பொறுப்பு? இவ்விரு வினாக்களையும் நாட்டின் முன் வைக்க விரும்புகிறோம்.

காசநோய் தீராத நோயன்று. 1882ஆம் ஆண்டில் ரொபர்ட் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதன் கிருமியைக் கண்டறிந்தார். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை வெல்லும் மருந்துகளும் வந்து சேர்ந்தன. இன்று அந்நோய்க்குரிய சிகிச்சை ஆறு மாத காலம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்; அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். இவற்றை நமது அரசாங்கம் இலவசமாகவே வழங்குகிறது. அதற்கென ஒரு தேசியத் திட்டமும், மாவட்டந்தோறும் மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களும் இருக்கின்றன. இலவச வைத்தியம் இந்நாட்டின் பெருமை. அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. எனினும், இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 14,000 பேருக்கு இந்நோய் காண்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அண்மைய ஆண்டுகளில் கண்டறிந்து பதிவு செய்யப்படுவோரோ பத்தாயிரத்துக்கும் குறைவு. எஞ்சியோர் எங்கே? பதிவேட்டில் இல்லாத அவர்கள், எங்கேனும் ஓர் அறையில் இருமிக்கொண்டுதான் இருப்பார்கள்.

பதிவானவர் யாவரும் கரை சேர்வதுமில்லை. மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களிலேயே இருமல் தணிகிறது, பசி எடுக்கிறது, உடல் தேறுகிறது. நோய் போயிற்று என்று நோயாளி எண்ணுகிறார். ஆனால், சுவாசப்பையின் ஆழத்தில் உறங்கும் கிருமிகள் அப்போதும் சாவதில்லை. அவற்றைக் கொல்வதற்காகவே எஞ்சிய மாதங்கள் வேண்டப்படுகின்றன. இடையில் மருந்தை நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். விட்டுவிட்டு உண்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். அந்த வகை நோய்க்கு மருந்தும் வேறு, தொல்லையும் மிகுதி. அது பக்கத்தில் படுப்பவரையும் அதே வடிவிற் பற்றும். ஆகவே, ஒருவர் தமது மருந்தை முடிப்பது அவருக்காக மட்டுமன்று. பக்கத்துக் காம்பிராக் குழந்தைக்காகவுமாகும்.

அந்தக் காம்பிராவைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் வந்திறங்கிய மக்களுக்கு வெள்ளைத் துரைமார் கட்டிய லயங்களின் அமைப்பு இன்றும் மாறிவிடவில்லை. ஒரு காம்பிரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் விறகுப் புகை நிறைந்த ஓர் அடுப்பங்கரை. அதற்குள் மூன்று தலைமுறை. குளிருக்கு அஞ்சிச் சாளரம் சாத்தப்படுகிறது, காற்று நடமாடுவதில்லை. காற்றின் வழியே பரவும் ஒரு நோய்க்கு இதனைவிட வாய்ப்பான இடத்தை எவரும் அமைத்துக் கொடுக்க முடியாது.

வேறொரு குறையும் உண்டு. அந்தக் காம்பிராவுக்குத் தனியொரு முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், தபாற்கந்தோரின் பெயர்: பெரும்பாலான லயத்துக் குடும்பங்களுக்கு முகவரி என்பது இவ்வளவே. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்து சேர வேண்டும். ஒரே பெயருடையோர் ஒரு தோட்டத்தில் ஐவர் இருந்தால் அது யாரைச் சேரும்? மருந்து வாங்க வராத நோயாளியைத் தேடிச் செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்தக் கதவைத் தட்டுவார்? பணிய லயமா, மேட்டு லயமா? கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். அவர் கேட்கும் ஒவ்வோரிடத்திலும் நோயாளியின் இரகசியம் சந்திக்கு வந்துவிடுகிறது. வயதுக்கு வந்த பெண் பிள்ளை உள்ள வீடானால் சொல்லவும் வேண்டுமா? பெயர் வெளிப்படுமே என்று அஞ்சியே மருந்தை விட்டவரும் உண்டு.

இருப்பிடத்தின் குறை இது. இனிக் கூலியின் குறையைப் பார்ப்போம். தோட்டத்து மொழியில் ஒரு நாட் கூலிக்குப் 'பெயர்' என்று பெயர். பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பெயர், குறைந்தால் அரைப்பெயர், போகாவிட்டால் பெயரே இல்லை. எவ்வளவு பொருத்தமான சொல்! செக்ரோலில் எழுதப்படாத நாளில் அவர் பெயரற்றவர். 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் நாட் கூலியை 1,750 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தது. அதிலே 200 ரூபாய், வேலைக்கு வந்ததற்காக அரசாங்கம் தரும் ஊக்கத் தொகை. உயர்வை வரவேற்கிறோம். ஆனால், வரவுக்கு ஊக்கம் தரும் அந்த ஏற்பாட்டில், நோய்க்கு மருந்து வாங்கப் போன நாள் வரவா, வராமையா? அரசாங்கத்தின் ஒரு கை 'சிகிச்சைக்கு வா' என்று அழைக்கிறது. மற்றொரு கை, வந்த நாளுக்கு ஊக்கத் தொகை இல்லை என்று கழிக்கிறது. ஒரே உடலின் இரு கைகள் இப்படி மாறுபடலாமா?

மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள ஒரு டிவிஷனிற் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியை உதாரணமாகக் கொள்வோம். அவள் மாவட்ட மார்புநோய் நிலையத்துக்குப் போக வேண்டுமானால், பஸ் ஓடும் பாதைக்கு நடந்து இறங்க வேண்டும்; நோர்வூட்டும் டிக்கோயாவும் தாண்டி ஹட்டனுக்கு வர வேண்டும்; அங்கிருந்து வேறு பஸ் ஏறி, கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவை அடைய வேண்டும். போவதும் வருவதுமாக முழு நாளும் கழிந்துவிடும். நாள்தோறும் குளிசையை அருகிலுள்ள சிகிச்சை நிலையத்திலேயே பெறலாம் என்ற ஏற்பாடு நல்லதே. ஆனால், அந்நிலையம் திறக்கும் நேரத்தில் அவள் கூடையுடன் மலையில் நிற்கிறாள். மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் நிலையம் மூடிக் கிடக்கிறது. ஒன்று, குளிசை, அல்லது, பெயர். இரண்டில் எதை அவள் தெரிந்துகொள்வாள்? பிள்ளைகளின் வயிறு அவளுக்காகத் தெரிந்துகொடுத்துவிடுகிறது.

தோட்டத்தைவிட்டுக் கொழும்புக்குப் போன இளைஞர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர் எத்தனையோ பேர், வேலை செய்யும் இடத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள். நோய் இன்னதென்று முதலாளி அறிந்தால் வேலை போகும். வேலையுடன் படுக்கையும் போகும். நகரத்தில் சிகிச்சையைத் தொடங்கியவர், சொல்லாமல் ஊருக்குத் திரும்புகிறார். ஊரில் மறுபடி தொடங்குவதற்குள் வாரங்கள் ஓடிவிடுகின்றன. நகரத்துப் பதிவேட்டில் அவர் 'காணாமற் போனவர்'. அவர் காணாமற் போகவில்லை. அவரைக் காண்பதற்கு நாம் ஓர் ஏற்பாடும் செய்யவில்லை!

இருந்த கூரையும் பறிபோகும் நேரங்களும் வருகின்றன. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்களிற் பலர் புது வீடு கிடைக்கும் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே தங்க நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. மலைநாடு மண்சரிவாற் சிதைந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் அடைக்கலம் புகுந்தன. இத்தகைய வேளைகளில் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடிவரும் நல்லுள்ளங்களை வாழ்த்துகிறோம். ஆனால், மண்ணுக்குள் போன காம்பிராவில் குளிசை அட்டையும் சிகிச்சைப் புத்தகமும் போயிருக்குமே என்று நினைத்துப் பார்ப்போர் எத்தனை பேர்? ஒரு மண்டபத்தில் நூறு பேர் நெருங்கிப் படுக்கும் இடத்தில், பாதியில் மருந்தை இழந்த ஒருவரும் படுத்திருந்தால் அதன் விளைவு யாது?

இவ்வளவையும் எடுத்துரைத்தால், 'தோட்டத்து மக்கள் அறியாதவர்கள், குடிப்பார்கள், சொன்னதைக் கேட்கமாட்டார்கள்' என்று சிலர் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பைத் தமிழ் மண்ணிலே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியே பொய்யாக்கிவிட்டது. 1956ஆம் ஆண்டில் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து காசநோய் மருந்தாராய்ச்சி நிலையமொன்றைத் தொடங்கின. அதுவரை, நோயாளியை நல்ல காற்றும் நல்ல உணவும் உள்ள சானட்டோரியத்திற் கிடத்தினால்தான் நோய் தீரும் என்பது வேதவாக்காக இருந்தது. ஏழை நோயாளிகளை இரு பகுதியாக வகுத்து, ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்திலும், மற்றப் பகுதியினரை அவர்களது நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. குறைந்த உணவும், நெருக்கமான இருப்பிடமும், உடலுழைப்பும் இருந்தும், வீட்டிலிருந்தோர் சானட்டோரியத்திலிருந்தோருக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைந்தனர்!

இதன் இரகசியம் யாது? நோயாளியின் வீடு தேடி ஆட்கள் போனார்கள். முன்னறிவிப்பின்றிச் சென்று குளிசைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குடும்பத்தாரையும் பரிசோதித்தார்கள். ஏழையின் குடிசை சிகிச்சைக்குத் தடையன்று; அந்தக் குடிசையை நோக்கி நடக்க மறுக்கும் நமது கால்களே தடை என்பது அன்றே நிறுவப்பட்டது. உலகெங்கும் வழங்கும் 'நேரிற் பார்த்து மருந்தூட்டும்' முறைக்குச் சென்னையில் நடந்த வேலையே பெரிதும் வித்திட்டது. அத்தமிழகத்திலிருந்து வந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு அதன் பயன் அரைகுறையாகவே கிட்டுகிறது என்றால், அது வருந்தத்தக்கதன்றோ?

மேல்நாட்டிலும் இதே பாடம் அண்மையில் மீண்டும் படிக்கப்பட்டிருக்கிறது. ஈரலை அரிக்கும் ஹெபடைட்டிஸ் சி என்னும் நோய்க்கு முன்னர் மாதக்கணக்கில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. ஊசியின் தொல்லை தாளாது பலர் இடையில் விட்டார்கள். அந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆராய்ச்சிக்காக மூன்று அறிஞர்களுக்கு 2020இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று எட்டு முதல் பன்னிரண்டு வாரம் குளிசை உண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அந்நோயிலிருந்து முற்றாக விடுபடுகிறார்கள். இலங்கையில் அந்நோய் அரிது. செல்வ நாடுகளின் பெருநகரங்களிலோ வீதியோரத்து மக்களிடையே மிகுதி. அவர்களுக்கும் அதே குளிசைதான். ஆனால், தவணைக் கடிதம் போடுவதற்கு வீடில்லை. குளிசையைப் பத்திரப்படுத்தப் பெட்டியில்லை. தலைக்கு வைத்துப் படுத்த பையே விடிவதற்குள் களவு போகிறது. உலகின் உயர்ந்த மருந்து அங்கே தோற்று நின்றது!

லண்டன் நகரத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வீதியோரத்து மக்களிடையே காசநோயைத் தேடுவதற்கென்று எக்ஸ்-கதிர்க் கருவி பூட்டிய வண்டியொன்றை விடுதிகளுக்கும் சந்திகளுக்கும் ஓட்டிச் சென்றார்கள். முன்னர் வீதியில் வாழ்ந்து மீண்டவர்களையே அவ்வண்டியிற் பணியாளராகவும் அமர்த்தினார்கள். பின்னர் ஈரல் நோய்க்கும் அதே வண்டியிற் பரிசோதனை நடந்தது. அடுத்து, ஒவ்வொரு நாளும் குளிசை உண்பதைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து நோயாளியே தாதிக்கு அனுப்பும் முறையையும் இங்கிலாந்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். 2019இல் வெளியான அதன் முடிவு இது: முதல் இரண்டு மாதத்தில், குறித்த நாள்களில் ஐந்தில் நான்கு பங்கேனும் கண்காணிப்பில் மருந்துண்டோர், தொலைபேசி முறையினருள் நூற்றுக்கு 70 பேர், நேரிற் கண்காணிக்கும் முறையினருள் 31 பேர். ஆட்கள் ஒரே வகையினர், மருந்து ஒன்றே. ஏற்பாடு மாறியது, பயனும் மாறியது. அவ்வாறாயின், குற்றம் இதுவரை யாரிடம் இருந்தது? தொலைபேசி அலை எட்டாத மலைமடிப்புகள் நம்மிடம் உண்டு என்பதை அறிவோம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவது கருவியை அன்று. நோயாளியிடம் போவது என்னும் கொள்கையை.

உணவையும் மறத்தலாகாது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நோயாளியின் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்து ஆராய்ந்தபோது, அக்குடும்பங்களிற் புதிதாக நோய் காண்பது ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது என 2023இல் அறிவித்தார்கள். அரிசியும் பருப்பும் கூடத் தடுப்பு மருந்தாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

'இதற்கெல்லாம் பணம் எங்கே?' என்று கேட்பார்கள். கணக்கையே பார்ப்போம். மாதத்தில் இரண்டு நாள் சிகிச்சைக்காகப் போகிறார் என்று கொண்டாலும், ஆறு மாதத்திற்குப் பன்னிரண்டு நாள். நாளொன்றுக்கு 1,750 ரூபாய் வீதம் 21,000 ரூபாய். ஒரு தொழிலாளி நோயிற் படுத்து வேலையைவிட்டு நின்றால், இந்தத் தொகைக்குரிய உழைப்பைப் பன்னிரண்டே வேலை நாளில் தோட்டம் இழந்துவிடும். அவரால் இன்னும் இருவர் நோயுற்றால் இழப்பு என்னாகும்? தருமத்தை விட்டுவிட்டு இலாபத்தை மட்டும் பார்க்கும் கம்பனிக்கும் இந்தக் கணக்கு விளங்க வேண்டும்.

ஆகவே, நாம் வற்புறுத்துவன இவை. முதலாவதாக, காசநோய்ச் சிகிச்சைக்குச் சென்ற நாளை, சிகிச்சைப் புத்தகத்தில் இட்ட முத்திரையைச் சான்றாகக் கொண்டு, செக்ரோலில் முழுப்பெயராகவே எழுத வேண்டும்; அரசாங்கத்தின் ஊக்கத் தொகையும் அந்நாளுக்குச் சேர வேண்டும். கூட்டு ஒப்பந்தம் 2021இல் முறிந்தபின் கூலியைத் தீர்மானிப்பது சம்பள நிர்ணய சபை. அச்சபையில் இதனை எழுப்புவது தொழிற்சங்கங்களின் கடமை. கூலி உயர்வுக்குக் குரலெழுப்பும் சங்கங்கள், உயர்ந்த கூலியை நோயாளி இழப்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கலாகாது.

இரண்டாவதாக, குளிசை லயத்துக்கு வர வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரி பிரட்டுக்கு முன் அரை மணி நேரமாவது திறந்திருக்கட்டும். இயலாத இடத்தில், நோயாளி தாமே நம்பித் தெரிந்துகொள்ளும் ஒருவர் — பிள்ளை மடுவத்துப் பணியாளரோ, பாடசாலை ஆசிரியரோ — பயிற்சி பெற்று, அவர் குளிசை உண்பதைப் பார்த்து அடையாளமிடட்டும். தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளியினுடையதாக இருந்தால் அவரது மானம் காக்கப்படும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு காம்பிராவுக்கும் எண்ணும் தபால் முகவரியும் வழங்க வேண்டும். தனி வீடும் காணியும் கிடைக்கும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. தோட்டத்துக்குள் பணம் செலவிடப் பிரதேச சபைகளுக்கு முன்னர் இருந்த தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிவிட்டது. ஒரு பலகையில் ஓர் எண் எழுதுவதற்கு இனி எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது?

நான்காவதாக, நோயாளி ஊர் மாறினால் சிகிச்சையும் உடன் மாற வேண்டும். கொழும்பிலிருந்து புறப்படுபவர் மலையில் இறங்கும் நாளிலேயே அவருடைய பதிவும் மருந்தும் காத்திருக்க வேண்டும். அனர்த்த முகாம் திறந்தால், அரிசிப் பட்டியல் எழுதும் அன்றே, மருந்துண்போர் பட்டியலையும் வைத்திய அதிகாரியின் பொறுப்பில் இரகசியமாக எழுத வேண்டும்.

நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வைத்தியர்களே! மருந்தை நிறுத்திவிட்டு வந்து நிற்பவரைக் கண்டிக்குமுன், 'எங்கே படுக்கிறாய்? வந்த நாளுக்குப் பெயர் உண்டா?' என்று கேளுங்கள். வழக்கறிஞர்களே! செக்ரோல் கோரிக்கையைச் சம்பள நிர்ணய சபைக்கேற்ற வாசகமாக்கித் தாருங்கள். ஆசிரியர்களே! இந்நோய் பாவத்தின் பயனன்று, பரம்பரைச் சாபமன்று, மருந்தால் தீர்வது என்று பிள்ளைகள் வாயிலாக லயங்களுக்கு அனுப்புங்கள். கமக்காரர்களே! நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களிலும் வன்னியின் வயல்களிலும் உங்களுடன் சேர்ந்து மண்வெட்டி பிடிப்போரிற் பலர் இந்த மலைமக்களின் பிள்ளைகள். சிகிச்சை நாளில் அவர்களுக்குக் கூலியுடன் விடுமுறை கொடுங்கள். கம்பனிகளிடம் நாம் கேட்கும் நீதியை நமது சொந்த வரம்புக்குள் நாமே முதலிற் செய்து காட்டுதல் வேண்டும்.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்க வேண்டுமென்று இந்நாட்டிற் சட்டம் பிறந்தது 1872இல். அப்போது கோப்பி ஆண்டது. பின்னர் தேயிலை ஆண்டது. வெள்ளையர் போனார்கள், அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 1948இற் பறிக்கப்பட்ட குடியுரிமையும் நெடிய போராட்டத்தின்பின் மீண்டது. நாட்டின் பதிவேட்டில் அம்மக்களின் பெயர் ஏறிவிட்டது. நோயுற்று மருந்துக்குப் போகும் நாளிலும் அந்தப் பெயர் செக்ரோலில் நிற்க வேண்டும். அவர்கள் படுத்துறங்கும் கதவிலும் ஓர் எண் நிற்க வேண்டும். அதைச் செய்யாத வரையில், 'மருந்தை முடிக்கவில்லை' என்று அவர்களைக் குறை சொல்லும் அருகதை நமக்கில்லை.